கோழிக்கறி: கடைக்கட்டையிலிருந்து அடுப்பு வரை

பச்சைக் கோழிக்கறியில் கிருமி இருக்கிறதா என்று யாரையும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சால்மோனெல்லாவும் காம்பைலோபாக்டரும் நன்றாக ஓடித் திரியும் கோழியின் குடலிலேயே குடியிருப்பவை. அவற்றால் கோழிக்கு ஒன்றும் ஆவதில்லை. இறகைப் பிடுங்கும்போதும் குடலை உருவும்போதும் அவை கறியின்மேல் ஏறுகின்றன. பிராய்லர், நாட்டுக்கோழி இரண்டுக்கும் இது பொருந்தும். விலை கூடக் கொடுத்தால் கிருமி குறையும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டுப்போன கறி நாறுவது வேறு கிருமிகளின் வேலை. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் நாறுவதில்லை, நிறத்தையும் மாற்றுவதில்லை. மோந்து பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டுவது பாதித் தேர்வுதான். நாறினால் தூக்கிப் போடலாம். நாறவில்லை என்பதால் நம்பிவிடக் கூடாது.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கறி சூட்டில் கிடக்கும் நேரம். மற்றது, கறியிலிருந்து வடியும் தண்ணீர் எதையெல்லாம் தொடுகிறது என்பது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

கடையில் எதைப் பார்ப்பது

செங்குன்றத்திலிருந்து ஆரம்பாக்கம் வரை கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்திலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும், பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டைக் கடைத்தெருக்களிலும், திருவள்ளூர்ப் பக்கம் மணவாளநகர், காக்களூர் வட்டாரத்திலும் கோழி மூன்று விதமாகக் கிடைக்கிறது. கூண்டிலிருந்து எடுத்துக் கண்ணெதிரே வெட்டித் தருவது ஒன்று. காலையிலேயே வெட்டித் தட்டில் குவித்திருப்பது இன்னொன்று. குளிர்பெட்டியில் பாக்கெட்டாக இருப்பது மூன்றாவது.

என் தேர்வு முதலாவது அல்லது மூன்றாவது. நடுவில் உள்ளதுதான் மோசம். உயிரோடு இருந்த சூடும் போய், குளிர்பெட்டியின் குளிர்ச்சியும் இல்லாமல், மேஜைமேல் ஈ மொய்க்கக் கிடக்கும் கறி அது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைச் சமாளிக்க விடியற்காலையிலேயே வெட்டிக் குவித்துவிடும் கடைகள் உண்டு. பத்து, பதினொரு மணிக்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கறிதான்.

அதே சமயம், 'கண்ணெதிரே வெட்டினது, சுத்தமான கறி' என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். கோழி புதிது என்பதற்குத்தான் கண்ணெதிரே வெட்டுவது சாட்சி. கட்டை சுத்தம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. கடைக்குள் நுழைந்ததும் இவற்றைப் பாருங்கள்:

1. வெட்டும் கட்டை. மரக்கட்டையில் ஆழமான வெட்டுத் தழும்புகள் இருந்தால் பழைய ரத்தமும் சதையும் உள்ளேயே தங்கும். கத்தியால் சுரண்டிவிட்டு அடுத்த கோழியை வைத்தால் அது கழுவியதாகாது.

2. வெந்நீர் டிரம். இறகு எளிதாக வர வேண்டும் என்று கோழியை முக்கி எடுக்கும் டிரம் இது. காலையிலிருந்து ஒரே தண்ணீர் என்றால், அத்தனை கோழியின் எச்சமும் அதற்குள்தான். தண்ணீர் சேற்று நிறத்தில் இருந்தால் இறகு பிடுங்க வேண்டாம், தோலோடு உரித்துத் தரச் சொல்லுங்கள்.

3. அலசும் வாளி. வெட்டிய துண்டுகளை ஒரு வாளியில் முக்கி எடுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. முந்தைய பத்துக் கோழிகளின் அழுக்கும் உங்கள் கோழிக்கு வந்து சேரும் இடம் அது. அலச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. கை. கறி வெட்டுபவரே காசும் வாங்குகிறாரா? கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும் கடை மேல்.

5. ஒரே துணி. கட்டை, கத்தி, தராசு, கை எல்லாவற்றையும் ஒரே துணியால் துடைக்கும் கடையை விட்டு நகர்ந்துவிடலாம்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவெண், 14 இலக்கம், கடையில் மாட்டியிருக்க வேண்டும். இருந்தால் நல்லது. ஆனால் அந்தத் தாள் போய்க் கட்டையைக் கழுவாது. மேலே சொன்னதைப் பாருங்கள்.

கூண்டில் தலை தொங்கி, இறகு சிலிர்த்து, மூக்கு ஒழுக நிற்கும் கோழியை விலை குறைவு என்று வாங்காதீர்கள். இந்த வட்டாரம் ஆந்திர எல்லையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது நினைவிருக்கலாம். அது வைரஸ், இந்த அத்தியாயத்தின் விஷயம் அல்ல. நன்றாக வெந்த கறியில் அதுவும் பிழைக்காது. அதற்காக நோய்க்கோழியை வீட்டுக்குத் தூக்கிவர வேண்டியதில்லை.

வாங்கும் வரிசை

1. மற்றச் சாமான்களை எல்லாம் முதலில் வாங்கி முடியுங்கள். காய்கறி, தயிர், கொத்துமல்லி வாங்கியான பிறகே கறிக்கடை.

2. பையில் ஒரு மூடித் தூக்கு எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அதை விடுங்கள், மெல்லிய கவரில் எலும்பு குத்தி ஓட்டை விழும், தண்ணீர் வடியும். அந்தத் தண்ணீர் பையின் அடியில் கிடக்கும் தக்காளிமேல்தான் இறங்கும். எவர்சில்வர் தூக்கில் இந்தத் தொல்லை இல்லை.

3. கேட்கத் தயங்காதீர்கள். "அண்ணா, கட்டையில கொஞ்சம் தண்ணி ஊத்தித் தேய்ச்சிட்டு வெட்டுங்க, குழந்தைக்கு." குழந்தை இருக்கிறதோ இல்லையோ, இந்த வார்த்தைக்குக் கடைக்காரர் கோபப்படுவது குறைவு. முகம் சுளித்தால் அடுத்த வாரம் வேறு கடை.

4. தோல் நீக்கிக் கேளுங்கள். இறகு இருந்த குழிகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், தண்ணீர் அங்கே எட்டாது. தோல் போனால் எல்லாம் போய்விடாது, ஆனாலும் சுமை குறையும்.

5. தேவையான அளவுக்குக் கடையிலேயே சிறிதாக வெட்டி வாங்குங்கள். வீட்டில் அரிவாள்மனைக்கு வேலை குறைந்தால் அழுக்காகும் இடமும் குறையும்.

6. நேரே வீட்டுக்குப் போங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வெட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கறி அடுப்பிலோ ஃப்ரிட்ஜிலோ இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான பகல்கள் அப்படித்தான். குளிர்ந்த நாளில் இரண்டு மணி நேரம்.

குறிப்பு: பொன்னேரியில் வாங்கி ரயிலேறி வேறு ஊருக்குப் போகிறவர்கள், முந்தின இரவே ஒரு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் தூக்கோடு ஒட்டி வைத்துத் துணியால் சுற்றிக்கொள்ளலாம். பைக்கில் பெட்ரோல் டேங்க்மேல் கறிப்பையை வைத்துப் போவது நேர்மாறான வேலை. எஞ்சின் சூடு முழுக்கக் கறிக்கு.

கழுவுவதா, வேண்டாமா

பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்பதுதான் பிரிட்டன், அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறைகளின் அறிவுரை. காரணம் எளிது: குழாய்த் தண்ணீர் கறிமேல் விழுந்து தெறிக்கும்போது கிருமியும் சேர்ந்து தெறிக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கிருமி இருந்தது. 26 சதவீதம் பேரின் பச்சைச் சாலட் இலையில்கூட அது போய்ச் சேர்ந்திருந்தது. சிங்க்கைக் கழுவிய பிறகும் 14 சதவீதம் பேரிடம் மிச்சம் இருந்தது.

ஆனால் அவர்கள் வாங்குவது ஆலையில் சுத்தம்செய்து பாக்கெட்டில் அடைத்த கோழி. நம் கடைக்கட்டையிலிருந்து வருவதில் ரத்தக்கட்டி, எலும்புத்தூள், சில நேரம் மரத்தூள்கூட ஒட்டியிருக்கும். அதை அப்படியே குழம்பில் போடச் சொன்னால் எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள். எனக்கும் மனம் வராது. கழுவுங்கள், ஆனால் தெறிக்காமல் கழுவுங்கள்:

1. சிங்க்கைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கழுவி அடுக்கிய தட்டு, நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, குடிதண்ணீர்க் குடம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2. ஆழமான பாத்திரத்தில் முதலில் தண்ணீரைப் பிடித்துக் குழாயை மூடுங்கள். பிறகு கறியை மெல்ல உள்ளே இறக்குங்கள். ஓடும் தண்ணீரில் கறியைக் காட்டவே கூடாது.

3. தண்ணீருக்கு அடியிலேயே கையால் துழாவி ரத்தக்கட்டி, இறகு, எலும்புத்தூளை எடுங்கள்.

4. தண்ணீரைப் பாத்திர விளிம்போடு சாய்த்து, சிங்க்கின் ஓட்டைக்குப் பக்கத்தில் மெதுவாக வடியுங்கள்.

5. இரண்டு முறை போதும். ஆறேழு முறை அலசினாலும் கிருமி போகாது, தெறிப்புதான் ஆறேழு மடங்கு.

வாடகை அறைகளில் சிங்க் இருக்காது, வெளியே பொதுக் குழாய்தான். ஒருவர் கறி அலசும் இடத்திலேயே இன்னொருவர் சோற்றுப் பானையைக் கழுவுவார், மூன்றாமவர் குடம் பிடிப்பார். அங்கே கறி அலசுகிறவர் பாத்திரத்தோடு சற்றுத் தள்ளிப் போய் அலசி, தண்ணீரை நேரே சாக்கடையில் ஊற்றிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புத்தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட வேண்டும். ஒருவர் சோம்பேறித்தனம் பட்டால் வரிசை வீடு முழுக்க வயிற்றுப்போக்கு.

மஞ்சள்தூள், கல்லுப்பு, எலுமிச்சை, தயிர் எல்லாம் கவுச்சி நீங்க நல்லவை. பாட்டி சொன்னதில் தவறில்லை, ஆனால் கவுச்சி போனால் கிருமியும் போனதாக அர்த்தம் இல்லை. கிருமியைக் கொல்வது அடுப்பு மட்டும்தான்.

பலகை, கத்தி, கை, மசாலா டப்பா

கேரளத்தின் செறுவத்தூரில் 2022 மே மாதம் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். அங்கே எடுத்த மாதிரிகளில், ஷவர்மாவில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்ததாக ஆய்வு சொன்னது. மிளகுத்தூளிலும் சால்மோனெல்லா இருந்தது. மிளகுக்கு அது காயப்போட்ட களத்திலேயே வந்திருக்கலாம், கறி தொட்ட கையிலிருந்தும் வரலாம். எப்படி வந்தாலும், வெந்து இறக்கியபின் மேலே தூவும் பொடியில் கிருமி இருந்தால் அதைக் கொல்ல அங்கே தீ இல்லை. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கும் இது பொருந்தும்.

அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

1. மசாலாப் பொடிகள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது எல்லாவற்றையும் தேவையான அளவு ஒரு கிண்ணத்தில் முதலிலேயே எடுத்து வைத்து டப்பாவை மூடிவிடுங்கள்.

2. வெங்காயம், தக்காளி, கொத்துமல்லி நறுக்கி முடியுங்கள். தயிர்ப்பச்சடி, வெள்ளரிக்காய் என்று பச்சையாகச் சாப்பிடுவதை முதலில் நறுக்கி மூடி வையுங்கள்.

3. கறியைக் கடைசியில் எடுங்கள். முடிந்தால் கறிக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி.

4. கறியைத் தொட ஆரம்பித்தால் முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். செல்போன் மணி அடித்தால் அடிக்கட்டும். கறி தொட்ட விரல் செல்போனுக்குப் போய், அங்கிருந்து குழந்தையின் கைக்குப் போவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அடுப்புக் குமிழ், ஃப்ரிட்ஜ் கைப்பிடி, தண்ணீர்க் குழாய் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

5. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். நகத்தடியை மறக்காதீர்கள்.

6. பலகை, கத்தி, பாத்திரம், சிங்க்: முதலில் சோப்பு, பிறகு கொதிக்கும் தண்ணீர். வரிசை மாறினால் கொழுப்பு அப்பிக்கொள்ளும், வெந்நீர் உள்ளே இறங்காது. வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

கையில் வெட்டுக்காயமோ சீழ்க்கொப்புளமோ இருந்தால் அன்றைக்குக் கறி வேலை உங்களுக்கு வேண்டாம். அந்தச் சீழில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் உணவில் விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை.

எச்சரிக்கை: பிளீச்சிங் கரைசலால் பலகையைத் துடைப்பவர்கள் அதோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் வாயு மூச்சை அடைத்துவிடும். சிறு சமையலறையில் இது உயிர் ஆபத்து. வெந்நீரே போதும் என்பது என் கருத்து.

ஃப்ரிட்ஜ் இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். கறி மூடிய பாத்திரத்தில், அடித்தட்டில். மேல்தட்டில் வைத்தால் ஒழுகுவது கீழே உள்ள கீரைமேலும் மாவுமேலும் விழும். 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் என்றால் ஃப்ரீசர். உறைந்த கறியை மேடைமேல் வைத்து இளக்காதீர்கள், வெளிப்பக்கம் இளகிச் சூடேறும்போது உள்ளே கல்லாகவே இருக்கும். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரமென்றால் ஒழுகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகியதும் உடனே சமையுங்கள். உறைய வைத்ததால் கிருமி செத்துவிடாது, தூங்கும் அவ்வளவே.

மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்குமேல் போனால் கீழ்த்தட்டுப் பச்சைக் கறியைக் குப்பையில் போடுங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில்

சிப்காட் பக்கம் ஓர் அறையில் நான்கைந்து பேர் தங்கி, மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கும் வாழ்க்கைதான் பலருக்கும். ஃப்ரிட்ஜ் கிடையாது. இவர்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகள் குறைவு, ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அடிக்கடி நடக்கும் தவறு இது. நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வரும் வழியில் கறி வாங்கி, உப்பு மஞ்சள் தடவி மூடி வைத்துவிட்டுத் தூங்குவது, மாலை நாலு மணிக்கு எழுந்து சமைப்பது. ஒன்பது மணி நேரம். தகரக் கூரையோ கான்கிரீட் தளமோ, அறைக்குள் 35 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். உப்பு, மஞ்சள் அதைத் தடுக்காது.

சரியான வரிசை:

1. முதலில் தூக்கம், பிறகு கடை. எழுந்து குளித்துவிட்டு அடுப்பு பற்றவைக்கத் தயாரானபின் வாங்குங்கள்.

2. ஒரே வேளையில் தீரும் அளவு மட்டும். ஆளுக்கு 200 கிராம் வைத்துக் கணக்குப் போட்டால் மீந்துபோகாது. ஞாயிறு வாங்கித் திங்களும் சாப்பிடலாம் என்ற யோசனையே வேண்டாம்.

3. ஊறவைப்பது அரை மணி நேரத்துக்குள். மணிக்கணக்கில் ஊறவைக்கும் சமையல் குறிப்புகள் ஃப்ரிட்ஜ் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை.

4. அறையில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட முடியாது, ஒருவர் இரவு பதினொரு மணிக்குத்தான் வருவார் என்றால், அவர் பங்கைச் சமைத்ததும் சூடாகவே நல்ல ஹாட்பாக்ஸில் எடுத்து வையுங்கள். முதலில் ஹாட்பாக்ஸில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் சூடேற்றிக் கொட்டிவிட்டுக் குழம்பை ஊற்றுங்கள். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் வந்தவருக்கு முட்டை பொரித்துக் கொடுங்கள்.

டிபன் பாக்ஸில் கோழிக் குழம்பு எடுத்துப்போவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விடியற்காலை கட்டியதை மத்தியானம் திறந்தால் அதற்குள் ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். கறியை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, பாக்ஸில் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கொண்டுபோங்கள்.

வேகவைத்தல்

இலக்கு ஒன்றே: துண்டின் நடுவில், எலும்பை ஒட்டிய இடத்தில் 75 டிகிரி. அந்தச் சூட்டில் சால்மோனெல்லாவும் காம்பைலோபாக்டரும் நொடிகளில் சாகும். உணவு வெப்பமானி வைத்திருந்தால் குத்திப் பாருங்கள். இல்லாதவர்களுக்கு:

1. பெரிய துண்டை எடுத்து, தடிமனான இடத்தில் எலும்புவரை கீறிப் பாருங்கள். சதை முழுக்க வெளுத்திருக்க வேண்டும், கண்ணாடிபோல் பளபளக்கக் கூடாது.

2. வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். சிவப்பாக வந்தால் இன்னும் பத்து நிமிடம்.

3. லெக் பீஸில் சதை எலும்பைவிட்டுத் தானே கழன்று வர வேண்டும்.

குழம்பில் பயம் குறைவு. கொதி வந்தபின் மூடிபோட்டு 20 முதல் 25 நிமிடம் தளதளவென்று கொதித்தால் பிராய்லர் வெந்துவிடும், நாட்டுக்கோழிக்குக் குக்கரே நல்லது. பயப்பட வேண்டியது பொரியலும் சுட்டதும். சிக்ஸ்டி ஃபைவ் போடும்போது எண்ணெய் கொதிக்கக் கொதிக்க, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பெரிய துண்டுகளை அள்ளிப் போட்டால் வெளியே சிவந்து கருகிவிடும், உள்ளே பச்சை. சிறிய துண்டு, மிதமான தீ, ஒரு ஈடுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக என்று போடுங்கள். ஈரலுக்கும் இதே விதி, நடுவில் சிவப்பு மிஞ்சக் கூடாது.

பொரித்ததை மறுபடியும் ஊறவைத்த பாத்திரத்தில் கொட்டாதீர்கள். ஊறிய மசாலா மிச்சம் இருந்தால் அதைக் கொதிக்க வைக்காமல் மேலே ஊற்றாதீர்கள். 'இப்போ அரை வேக்காடு, சாயங்காலம் முழுசா' என்பதும் கூடாது. அரை வேக்காடு கிருமியைக் கொல்வதில்லை, வளர ஏற்ற சூட்டைத் தருகிறது.

வெளியே வாங்கும் ஷவர்மா, கிரில்லுக்கும் இதே கண். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார், அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கம்பியில் சுற்றும் கறியைச் சீவும்போது உட்புறம் வெளுக்காமல் இருந்தால் காசு கொடுத்திருந்தாலும் சாப்பிடாதீர்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளால்தான்.

மீந்த குழம்பு, பெரிய அண்டா

வெந்த கறியில் கிருமி இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். அதன் வித்து கொதியில் சாகாது. குழம்பு ஆறும்போது, அதுவும் மூடிய பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும்போது, முளைத்துப் பெருகும். காதுகுத்து, கம்பெனி ஆயுதபூஜை விருந்து என்று அண்டாவில் செய்பவர்களுக்கு இது முக்கியம்.

1. சாப்பிட்டு முடித்ததும் மீதியைப் பார்த்து முடிவெடுங்கள், இரவு படுக்கப்போகும்போது அல்ல. இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சம் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், கோடையில் ஒரு மணி நேரம்.

2. ஆழப் பாத்திரத்தில் விடாமல் அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும்.

3. மறுநாள் சூடாக்கும்போது ஓரத்தில் குமிழி வந்தால் போதாது. கிளறிக் கிளறி முழுக்கக் கொதிக்க வேண்டும். ஒரு முறைதான்.

4. இரவு முழுக்க வெளியே கிடந்த குழம்பைக் காலையில் சுண்ட வைத்துச் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, ருசியும் தனி. கோழியில் அதை விட்டுவிடுங்கள்.

விடுதி, கேன்டீன் சமையல் பொறுப்பில் இருப்பவர்கள் 2021 டிசம்பரை மறக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் வேலைசெய்த பெண்கள் பூந்தமல்லிப் பக்கம் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். ஆய்வுக்குப் போன அதிகாரிகள் எலி நடமாட்டத்தையும் சரியில்லாத சாக்கடையையும் கண்டு சமையலறையை மூடினார்கள். மெனுவைவிடச் சமையலறைத் தரை முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வயிறு கெட்டுவிட்டால்

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி என்றால் பெரும்பாலும் நஞ்சு. காம்பைலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்தே காட்டும், ஆகவே நேற்றைய சாப்பாட்டை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

1. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

2. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக், பேதியை நிறுத்தும் மாத்திரை என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது பேதியைக் கட்டுவது ஆபத்து.

3. மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, மூன்று நாளுக்குமேல் பேதி: உடனே மருத்துவமனை. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் இவற்றுக்காகக் காத்திருக்காமலே போங்கள். கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு, திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வண்டிக்கு 108.

4. பேதி நின்று ஒன்றிரண்டு வாரத்தில் கால் மரத்து வலுவிழந்தால் தாமதிக்காதீர்கள். கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் காம்பைலோபாக்டர் தொற்றுக்குப் பின் அரிதாக வரும். 2025 ஜனவரியில் புனேயில் அது பரவியபோது நோயாளிகள் சிலரிடம் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது. அங்கே சந்தேகம் குடிநீர்மேல் விழுந்தது.

புகார் செய்ய

கறியை ஒரு கவரில் போட்டு ஆய்வகத்துக்கு எடுத்துப்போனால் பயன் இல்லை. வழியெல்லாம் கிருமி பெருகும், கடையில் எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மாதிரி எடுக்க வேண்டியது உணவுப் பாதுகாப்பு அலுவலர். நீங்கள் செய்ய வேண்டியது:

1. தேதி, நேரம், கடையின் பெயர், தெரு, வாங்கிய அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ரசீது தராத கடையென்றால் பணம் அனுப்பிய செல்போன் பதிவே சாட்சி.

2. டிரம், கட்டை, வாளி இவற்றைப் படம் எடுங்கள். கடைக்காரரோடு சண்டை வேண்டாம்.

3. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322க்கு அனுப்புங்கள்.

4. ஒரே கடையில் வாங்கிய பலருக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும்முன் மலப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள், மருந்து உள்ளே போனபின் கிருமி அகப்படுவது கடினம்.